ஐந்தாம் அளவை நான் கொடுக்கவில்லை

செல்விக்கு ஆஸ்துமா இல்லை என்று சொன்ன அந்த அறிக்கை பொய். அந்தப் பொய்யை எழுதியவள் நான். கை தவறி எழுதவில்லை, கண் மயங்கி எழுதவில்லை… தெரிந்தே எழுதினேன்.

நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கணவரிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை. கோயிலில் முழந்தாளிட்டபோதும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முகம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நம்பமாட்டேன்!

புதுக்கோட்டையில் நெஞ்சுநோய் டாக்டர் ஒருவரின் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு கணினி, அதோடு இணைத்த ஒரு குழாய், மூக்கை அடைக்க ஒரு கிளிப். நோயாளி மூச்சை முழுதாக இழுத்து, ஒரே வேகத்தில் அந்தக் குழாய்க்குள் ஊத வேண்டும். முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்று கணினி காட்டும். "இழுங்க… இன்னும்… இன்னும்! இப்ப ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" என்று பக்கத்தில் நின்று கத்துவதுதான் என் உத்தியோகம். பத்தொன்பது வருஷமாகக் கத்துகிறேன். வீட்டில் சாதாரணமாகப் பேசினாலும் அதே குரல்தான் வருகிறது என்று கணவர் அலுத்துக்கொள்வார்.

ரத்தத்தைக் குத்தி எடுத்தால் அது நடிக்காது. எக்ஸ்ரேயில் எலும்பு நடிக்காது. ஆனால் மூச்சு? ஊதுகிறவர் மனசு வைத்தால்தான் அது வரும். அரை மனதோடு ஊதினால் நல்ல நெஞ்சும் கெட்ட நெஞ்சாகத் தெரியும். ஆகவே எங்கள் வேலைக்குக் கொஞ்சம் சந்தேக புத்தி வேண்டும். எனக்குக் கொஞ்சம் அல்ல, நிறையவே இருந்தது.

தேர்தல் வேலையிலிருந்து தப்பிக்க இருமிக்கொண்டே படியேறும் வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன். வெளிநாடு போகும் அவசரத்தில் இழுப்பை மறைத்து, வாசலிலேயே மருந்தை அடித்துக்கொண்டு உள்ளே வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். முன்னவர் இல்லாததைக் காட்டுவார், பின்னவர் இருப்பதை மறைப்பார். இருவரையும் கதவைத் திறக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கொரு கர்வம்.

அந்தக் கர்வம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நானே நடித்தவள்! கல்யாணமான புதிதில், ஆவூர்ப் பக்கம் மாமியார் வீட்டில், பிடுங்கிய செடியிலிருந்து கடலை ஆய்வதற்கு நாளெல்லாம் வெயிலில் உட்கார வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக் காட்டினேன். "அவளுக்கு ஆகலை போல, விட்டுருங்க" என்றார் மாமியார். மூன்று வருஷம் அந்த நடிப்பிலேயே ஓட்டினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதன் பிறகு உலகத்தில் மூச்சு வாங்குகிற பெண்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அப்படிப்பட்டவளிடம்தான் செல்வி வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பெடுப்பது புகுந்த வீட்டுத் தொழில். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் வறுப்பார்கள். அந்தப் புகை கண்ணைக் கரிக்கும், கொட்டையின் எண்ணெய் விரலைப் பொசுக்கும். அவள் விரல்நுனிகள் கறுத்துத் தோலுரிந்து கிடந்தன. கூட வந்தவன் அவள் கணவன் முருகேசன். வளைகுடா நாட்டில் வேலை, இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தான்.

அவள் உள்ளே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவன் என்னை நடைபாதைக்கு அழைத்தான்.

"சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. கொட்டகைக்குள்ள போனாத்தான் இவளுக்கு இருமலும் இழுப்பும் வருது. கீரமங்கலத்துல அவங்க அம்மா வீட்டுக்குப் போய்ட்டா ஒண்ணுமே இல்ல. பூக்கட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு நல்லாத்தான் இருக்கா. வேலைக்கு வளைய மாட்டாம நடிக்கிறான்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. நான் அடுத்த மாசம் பிளைட் ஏறிருவேன். நெசமா, பொய்யான்னு இந்த மிஷின்ல தெரிஞ்சுருமா?"

அவன் கெட்டவன் அல்லன். கண் கலங்கித்தான் கேட்டான். நெசம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்ற தவிப்பு அவன் முகத்தில் இருந்தது. இப்போது நினைத்தால் அது தெரிகிறது.

"தெரிஞ்சிரும்" என்றேன்.

கொட்டகையில் வருகிறது, தாய்வீட்டில் போய்விடுகிறது! தொழிலால் வருகிற ஆஸ்துமாவுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா? படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான் அது. ஆனால் அன்று என் காதில் விழுந்தது பாடம் அல்ல… என் கடலைக் காடு. வேலையைக் கண்டால் இழுப்பு, வேலை இல்லாவிட்டால் சிரிப்பு. இந்த ஆட்டம் எனக்குத் தெரியாதா?

முதல் நாள் சும்மா ஊதிப் பார்த்ததில் அவள் மூச்சு சரியாகவே இருந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இடைப்பட்ட நாட்களில் அப்படி இருப்பதுண்டு. அதனால் டாக்டர் இரண்டு சோதனைகள் எழுதினார். இரண்டும் மூச்சுக்குழாயைச் சீண்டிப் பார்க்கிற சோதனைகள். ஆனால் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை.

முதலாவது ஓட்டச் சோதனை. ட்ரெட்மில்லில் வேகமாக ஓடவைத்து, இறங்கிய பிறகு சில நிமிஷங்களுக்கு ஒருமுறை ஊதச் சொல்வோம். ஓட்டத்தில் மூச்சுக்குழாய் சுருங்கினால் அநேகமாக ஆஸ்துமாதான். ஆனால் ஆஸ்துமா இருந்தும் ஓட்டத்துக்குச் சுருங்காதவர்கள் ஏராளம்.

இரண்டாவது மருந்துச் சோதனை. மெத்தகோலின் என்ற மருந்தைக் கரைத்து, பனிமூட்டம் போல் ஆக்கி, மூச்சில் இழுக்கவைப்போம். மிகக் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவோம். எங்களிடம் ஐந்து அளவுகள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஊத வேண்டும். காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆஸ்துமா இல்லாத சிலருக்கும் இதில் குறைந்துவிடும். ஆனால் கடைசி அளவுவரை போயும் குறையவில்லை என்றால், இழுப்பு வந்துகொண்டிருக்கும் ஆளுக்கு ஆஸ்துமா இல்லை என்று டாக்டர்கள் நம்பிவிடுவார்கள்.

எங்கள் டாக்டர் என்னிடம் சொல்லியிருக்கிறார்: "ரெண்டையும் ஒண்ணா நெனச்சிராதம்மா. ஓட்டத்துல இல்லைன்னு வந்தா நான் அதைக் கணக்குலயே எடுக்க மாட்டேன். மருந்துல இல்லைன்னு வந்தா நம்பிருவேன்."

அதாவது, ஓட்டத்தின் 'ஆம்' கனமானது, மருந்தின் 'இல்லை' கனமானது. நான் கைவைத்தது அந்தக் கனமான 'இல்லை'யில்!

ஓட்டத்தில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாணிச் சிரித்தபடியே ஓடி முடித்தாள். "இங்கிட்டு ஓடுனா என்னக்கா வரும்? எங்க கொட்டகைல ஓடச் சொல்லுங்க, அப்பத் தெரியும்" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். நானோ அவள் சிரிப்பைக் குறித்துக்கொண்டேன். நோயாளி இப்படிச் சிரிப்பாளா?

நான்கு நாள் கழித்து மருந்துச் சோதனை. தவக்காலத்தின் மூன்றாம் வாரம். அன்று வெள்ளிக்கிழமை, நான் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒரு சந்தி இருந்தேன். பசித்த வயிறு, சிடுசிடுத்த மனம். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை… இல்லை, சொல்கிறேனோ?

முதல் அளவு, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதில் லேசாகக் குறைந்தது. நான்காவது அளவை இழுத்ததும் அவள் நெஞ்சில் கைவைத்தாள். இருமினாள். ஊதச் சொன்னேன். நூற்றுக்கு இருபத்து மூன்று குறைந்தது. மறுபடி ஊதச் சொன்னேன். இருபத்திரண்டு.

"அக்கா… கொட்டகைல வர்ற மாதிரியே இருக்குக்கா" என்றாள்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தைக் கொடுத்துவிட்டு, 'ஆஸ்துமாவுக்கு வாய்ப்பு உண்டு' என்று எழுதியிருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

எனக்கோ கோபம் வந்தது. அவள் பேச்சு எனக்குப் பாடம் பண்ணி வந்ததுபோல் தோன்றியது. இவளுக்கு எது வேண்டுமோ அதை என் வாயால் சொல்லவைக்கப் பார்க்கிறாளா?

"ஒழுங்கா ஊதும்மா! பாதிதான் ஊதுற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"இல்லக்கா… முழுசாத்தான் ஊதுறேன்…"

முழுசாகத்தான் ஊதினாள். நடிப்பவர்கள் ஊதினால் ஒரு கோடு மேடாக வரும், அடுத்த கோடு பள்ளமாக வரும். இரண்டு முறை ஒன்றுபோல் நடிக்க யாராலும் முடியாது. செல்வியின் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. திரையில் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்! பிறகு அந்த இரண்டையும் 'முயற்சி போதாது' என்று தள்ளுபடி செய்தேன். கணினி மறுபேச்சுப் பேசவில்லை.

"கொஞ்சம் உக்காரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். கால் மணி நேரம் நடைபாதையில் நின்றேன். நேரம் போகப்போக மருந்தின் பிடி தளரும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் நின்றேன். திரும்பி வந்து ஊதச் சொன்னேன். பதினொன்று. அதை நான்காம் அளவுக்கு நேராகப் பதிந்தேன்.

ஐந்தாவது அளவு தயாராக இருந்தது. கையில் எடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவுதொட்டியில் கொட்டிவிட்டேன். கொடுத்ததாக எழுதினேன். குறைவு பதின்மூன்று என்று ஓர் எண்ணையும் போட்டேன்.

இப்போது நீங்கள் என்னைக் கேளுங்கள். இத்தனை நாள் நான் கேட்டுக்கொண்டதை நீங்களும் கேளுங்கள். அவள் நடிக்கிறாள் என்று உண்மையிலேயே நம்பியிருந்தால், அந்த ஐந்தாம் அளவைக் கொடுப்பதில் எனக்கு என்ன பயம்? நடிக்கிறவளுக்கு அது வெறும் தண்ணீர்தானே!

கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கொட்டினேன். அப்படியென்றால் நோய் இருப்பது எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன்… ஏன்? என் கணிப்பு தவறிவிடக் கூடாது என்பதற்காகவா? நான் நடித்த இழுப்பை ஒருத்தி உண்மையாகவே இழுத்துக்கொண்டு வந்து என் முன் நின்றாளே, அந்த எரிச்சலா? இன்றுவரை சரியான பதில் கிடைக்கவில்லை. கிடைத்த பதில்களை நான் நம்பவில்லை.

இன்னும் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தை இரண்டு முறை அடித்துவிட்டேன். "எல்லாருக்கும் குடுக்கிறதுதான்" என்றேன். ஐந்து நிமிஷத்தில் அவள் முகம் தெளிந்துவிட்டது.

"என்னக்கா மருந்து இது? அடைச்ச கதவத் தொறந்து விட்ட மாதிரி இருக்கு. டாக்டர்ட்டச் சொல்லி இதை எழுதிக் குடுக்கச் சொல்லுங்கக்கா."

சொல்லவில்லை.

டாக்டர் என் அறிக்கையைப் பார்த்தார். மருந்தில் 'இல்லை' என்று வந்தால் நம்பிவிடுவேன் என்றவர் நம்பிவிட்டார். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எழுதினார், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று செல்விக்குப் புத்திமதி சொன்னார். "அப்ப ஒண்ணும் இல்லைல்ல? வா, போவோம்" என்றான் முருகேசன். படியிறங்குமுன் அவன் என் கையில் ஒரு பொட்டலம் திணித்தான்.

"நம்ம வீட்டுப் பருப்பு சிஸ்டர். செல்வி ஒடச்சது."

உயிர்ப்புத் திருநாளன்று அந்த முந்திரியைத்தான் நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போட்டேன். முழுப் பருப்பு, ஒன்றுகூட உடையாமல் இருந்தது. வீட்டில் எல்லாரும் புகழ்ந்தார்கள். நானும் இரண்டு தம்ளர் குடித்தேன்.

இரண்டரை ஆண்டு கழித்து ஒரு காலையில் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. நாலு படி ஏறியதும் நின்றது. பிறகு நாலு படி, மறுபடி நின்றது. கதவைத் திறந்துகொண்டு செல்வி வந்தாள். மாத்திரைகளால் முகம் ஊதியிருந்தது. விரல்நுனிகள் மட்டும் வெளுத்துச் சுத்தமாக இருந்தன.

"நல்லாருக்கீங்களாக்கா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். எங்கள் அறிக்கையைப் புகுந்த வீட்டில் லேமினேட் செய்து வைத்திருந்தார்களாம். "நான் இருமுனா அதைத்தான் எடுத்துக் காட்டுவாங்கக்கா. அதுக்கு மேல என்ன பேசுறது? வாயைக் கட்டிக்கிட்டு ஒடச்சேன்." இரண்டு வருஷம் அந்தப் புகைக்குள் உட்கார்ந்து உடைத்திருக்கிறாள். ஒரு நாள் உதடு நீலம் பூத்து விழுந்தவளை ஆம்புலன்ஸில் தூக்கிப்போயிருக்கிறார்கள். நான்கு நாள் செயற்கை மூச்சு. பிழைத்தது பெரிய காரியம். இப்போது கீரமங்கலத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள்.

"அங்க போனா சரியாயிருமேம்மா?" என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"முன்னாடி சரியாயிரும்க்கா. இப்ப இல்ல. காலையில பூக்கூடையப் பிரிச்சாலே இழுக்குது. ஊதுபத்தி ஆகலை, பஸ் புகை ஆகலை. எங்கிட்டுப் போனாலும் கூடவே வருது."

"வீட்டுக்காரர்?"

"அங்கதான் இருக்காரு. போன்ல அழுவாரு, மன்னிச்சிரு மன்னிச்சிருன்னு. அவரு என்னக்கா பண்ணுவாரு? தாள்ல இல்லைன்னுதான இருந்துச்சு."

ஒரு பாவமும் அறியாதவன் கடல் கடந்து அழுகிறான். நான் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன்!

அன்று அவள் ஊதியதில் இருக்க வேண்டிய காற்றில் பாதிகூட வரவில்லை. மருந்துச் சோதனையை இனி அவளுக்குச் செய்யவே கூடாது, அது ஆபத்து. இனி எதற்கு அது? கண்ணாலேயே தெரிகிறதே. டாக்டர் பழைய அறிக்கையை எடுத்து வெகு நேரம் பார்த்தார். "அப்ப இல்லையே… அதுக்கப்புறந்தான் வந்திருக்கணும்" என்றார். பிறகு மெதுவாக, "அப்பவே இருந்து, அப்பவே தெரிஞ்சு, கொட்டகைய விட்டிருந்தா முழுசாக்கூடச் சரியாகியிருக்கலாம்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தாரா? காகிதத்தைப் பார்த்தாரா? அன்றிலிருந்து அவர் என்னை எதற்குக் கூப்பிட்டாலும் அந்தக் கேள்விதான் வரப்போகிறது என்று நினைக்கிறேன். இதுவரை வரவில்லை.

செல்வி புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மேலதான்க்கா தப்பு. அன்னைக்கு நீங்க திட்டுனீங்கள்ல, பாதிதான் ஊதுறேன்னு. எனக்கு ஒழுங்கா ஊதத் தெரியல. அதான் டெஸ்ட் தப்பா வந்துருச்சு போல."

பாதி ஊதியிருந்தால் நோய் உண்டு என்றுதான் வந்திருக்கும். அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அந்த நொடியில் ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவாயில்லம்மா" என்றேன்.

நான் அவளை மன்னித்தேன்! அறிக்கையில் எழுதிய பொய்யைவிட இதைத்தான் என்னால் நினைக்க முடியவில்லை.

ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பேன். எரிந்து விழுந்தேன், பொறாமைப்பட்டேன், ஞாயிறு பூசைக்குப் போகவில்லை… சில்லறைப் பாவங்களாக எடுத்து வைப்பேன். இதை மட்டும் சொல்ல வராது. எங்கள் பங்குச் சாமியாருக்கும் இழுப்பு உண்டு, என் அறைக்கு வந்து ஊதிவிட்டுப் போகிறவர்தான். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் என் குரலைக் கண்டுகொள்வார். இதுவும் சாக்கு. பக்கத்து ஊரில் என்னைத் தெரியாத சாமியார் இருக்கிறாரே, அங்கே போகலாமே? போகவில்லை. மன்னிப்புக் கிடைத்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. இவ்வளவு எளிதாகக் கிடைக்கிற ஒன்றை என்னால் எப்படி நம்ப முடியும்?

சொன்னால் வேலை போகும். டாக்டர் பெயர் கெடும். முருகேசன் வீட்டார் வந்து நிற்பார்கள். இப்படி ஒவ்வொரு காரணமாக அடுக்குகிறேன். அடுக்கி முடித்த பிறகு, பத்தொன்பது வருஷப் பழக்கம், இது நடிப்பா நிஜமா என்று என் முகத்தையே உற்றுப் பார்க்கிறேன்.

செல்வி மாதம் ஒருமுறை வருகிறாள். கீரமங்கலத்திலிருந்து பஸ்ஸில், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு. சில சமயம் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ என்று தோன்றும். அன்று நான் தொட்டியில் கொட்டியதை அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? தெரிந்துகொண்டே என்னைச் சோதிக்கிறாளோ? அவள் அன்பைக்கூட என்னால் சந்தேகப்படாமல் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

போன வாரமும் வந்தாள். மூக்கில் கிளிப்பை மாட்டினேன். "இழும்மா… இன்னும்… இப்ப ஊது" என்றேன். இவளிடம் மட்டும் நான் கத்துவதில்லை. கண்ணில் நீர் முட்ட, கழுத்து நரம்பு புடைக்க ஊதினாள். குழாயை எடுத்துவிட்டு, மூச்சுத் திரும்பும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொரு மாதமும் கேட்பதையே கேட்டாள்.

"இந்தத் தடவ சரியா ஊதுனேனாக்கா?"

"சரியா ஊதுனம்மா" என்றேன்.

நான் திட்டிய அன்றும் அவள் சரியாகத்தான் ஊதினாள்.